அலமாரிக்குள் ஒளிந்தது நானா, அக்காவா?

அரைத்தூக்கம் | சனி, இரவு 10.52

வீட்டில் ஒரு சண்டை. பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

எனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு மழை ராத்திரி. இடி, மின்னல், கரண்ட் வேறு போய்விட்டது. பயந்துபோய்த் துணி வைக்கும் மர அலமாரிக்குள் புகுந்து, போர்வைகளுக்கு நடுவே அப்படியே தூங்கிவிட்டேன். வீடே என்னைத் தேடியிருக்கிறது. தெருமுனை வரைக்கும் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். கடைசியில் அப்பாதான் கண்டுபிடித்தார். பாச்சை உருண்டை வாசனை, கதவிடுக்கில் கோடு போல வந்த டார்ச் வெளிச்சம், ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அப்பாவின் முகம். என்னிடம் இருக்கும் சிறுவயது நினைவுகளிலேயே தெளிவானது இதுதான். அப்பா இப்போது இல்லை. அவர் முகத்தை நினைத்தாலே அந்த டார்ச் வெளிச்சத்தோடுதான் வரும்.

போன வாரம் இதை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா (என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள்) பாதியில் நிறுத்தினாள். “ஏய், அது நான்டி!”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவளுக்கும் அதே வாசனை, அதே வெளிச்சக்கோடு, அதே ‘டக்’. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் பொருளை நான் எடுத்துக்கொண்டதுபோல் என்னைப் பார்த்தாள். நானும் அவளை அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அம்மாவிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். அம்மா துணி மடித்துக்கொண்டே சிரித்தார். “ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தி. அன்னைக்கு நான் இருந்த நிலைமையில எனக்கு என்ன தெரியும்?” அவ்வளவுதான் தீர்ப்பு.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா? ஒரே நினைவை இரண்டு பேர் வைத்திருக்க முடியுமா?

கணக்குப்புலி | சனி, இரவு 11.20

முடியும். இதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. 2001ல் வெளிவந்தது. ஷீன், கெம்ப், ரூபின் என்ற மூன்று பேர் செய்தது. 20 ஜோடி இரட்டையர்களைக் கூப்பிட்டு, ஒரு சொல்லைக் கொடுத்து, அது கிளப்பும் பழைய நினைவைச் சொல்லச் சொன்னார்கள். 14 ஜோடிகளில், குறைந்தது ஒரு நிகழ்ச்சியையாவது இருவரும் “எனக்கு நடந்தது” என்று உரிமை கொண்டாடினார்கள். பல பேருக்கு அந்த அறைக்கு வரும்வரை இப்படி ஒரு தகராறு இருப்பதே தெரியாது. இரட்டையர்களோடு இது முடியவில்லை. சாதாரண அக்கா தங்கை, அண்ணன் தம்பி, நெருங்கிய நண்பர்கள் இடையிலும் இருப்பதை அதே ஆய்வில் காட்டினார்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயமும் அதில் உண்டு. இப்படித் தகராறில் இருக்கும் நினைவுகள் மங்கலானவை அல்ல. தகராறு இல்லாத நினைவுகளைவிடக் காட்சியும் உணர்ச்சியும் அவற்றில் கூடுதலாக இருந்தன. ஆகவே “எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது” என்பது சாட்சியாக நிற்காது.

கல்லுளிமங்கன் | சனி, இரவு 11.41

ஆய்வு கிடக்கட்டும். ஒருத்தி உள்ளே இருந்தாள், ஒருத்தி இல்லை. நடந்தது ஒன்றுதான். இரண்டு பேருடைய நினைவும் சரி என்று மழுப்ப வேண்டாம். அலமாரி இன்னும் இருக்கிறதா? இருந்தால் போய் அளந்து பாருங்கள். நாலு வயதுப் பிள்ளை உட்காரும் இடம், ஐந்தரை வயதுப் பிள்ளை உட்காரும் இடம் இரண்டும் ஒன்றாகாது.

இன்னொரு கேள்வி. அந்த ‘டக்’ எதிலிருந்து வந்தது?

மழைக்காகம் | ஞாயிறு, காலை 7.15

காலையில் எழுந்ததும் இதைப் படித்துவிட்டு என் அண்ணனுக்கு போன் போட்டேன். “சைக்கிளில் இருந்து விழுந்து பல் உடைந்தது யாருக்கு?” என்று கேட்டேன். “எனக்குத்தான், அதில் என்ன சந்தேகம்” என்றான். சரி, எங்கள் வீட்டில் இந்த ஒன்றாவது பத்திரம். அவன் பல்லே சாட்சி.

ஆனால் எனக்கு வேறு ஒரு கதை உண்டு. என் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருப்பதாக ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சள் கம்பளி, வாசலில் பாட்டி, என் கையில் ஒரு பொம்மை. ஒருநாள் பழைய ஆல்பத்தைப் புரட்டினால் அப்படியே அந்தப் படம்! பொம்மை கூட அதே கோணத்தில். எனக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. நான் நினைவு என்று சொல்லிக்கொண்டிருந்தது போட்டோவை. அதிலும் அது கறுப்பு வெள்ளைப் படம். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

கணக்குப்புலி | ஞாயிறு, காலை 7.48

மழைக்காகம், ஒன்றே முக்கால் வயது நினைவு என்றாலே சந்தேகப்படலாம். பெரியவர்களிடம் முதல் நினைவு எது என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் வரும்.

குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றிப் பேசினால் யாரும் முதலில் சொல்லும் பெயர் ழான் பியாஜே. அவருக்கே இந்தக் கதி. ஏறக்குறைய இரண்டு வயதில் தள்ளுவண்டியில் போகும்போது ஒருவன் தன்னைக் கடத்த வந்ததும், ஆயா அவனோடு மல்லுக்கட்டியதும், அவள் முகத்தில் கீறல்கள் விழுந்ததும் அவருக்குக் கண்முன் நிற்குமாம். அவருக்குப் பதினைந்து வயதாகும்போது அந்த ஆயா வீட்டுக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் நான் கட்டிய கதை, மன்னியுங்கள் என்று. பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். கடிகாரம் திரும்பி வந்துவிட்டது. பியாஜேயின் மனசிலிருந்து அந்தக் காட்சி போகவில்லை.

பாதிச்சந்திரன் | ஞாயிறு, காலை 10.05

இவ்வளவு கஷ்டமே வேண்டாம். இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்றில் அக்கா உள்ளே, மற்றதில் தங்கை உள்ளே. எங்கேயோ இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மண்டேலா விளைவு, தெரியாதா? நெல்சன் மண்டேலா 1980களில் சிறையிலேயே இறந்துவிட்டார் என்று ஏராளமான பேருக்கு ‘நினைவு’ இருக்கிறது. செய்தியில் இறுதி ஊர்வலம் பார்த்தேன் என்பவர்களும் உண்டு. மனிதர் 1990ல் விடுதலையாகி, 1994ல் குடியரசுத் தலைவராகி, 2013 டிசம்பரில்தான் இறந்தார்.

மோனோபொலி ஆட்டத்தின் தொப்பிக்காரத் தாத்தாவை மனசில் வரைந்து பாருங்கள். ஒற்றைக்கண் கண்ணாடி போட்டிருக்கிறாரா? போட்டிருக்கிறார்தானே? இல்லை. அவருக்கு அது கிடையாது.

கல்லுளிமங்கன் | ஞாயிறு, காலை 10.31

மறந்துபோனதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் பிரபஞ்சத்தையே இரண்டாகப் பிளக்கும் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதிச்சந்திரன் | ஞாயிறு, காலை 10.33

நன்றி. நான் பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். மீதிப் பாதி எனக்கே தெரியாது.

பழையரேடியோ | ஞாயிறு, மதியம் 12.40

பாதிச்சந்திரன் தம்பி, அந்தத் தாத்தாவுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டது பிரபஞ்சம் இல்லை, நாம்தான். தொப்பி, கோட்டு, கைத்தடி, பெரிய மீசை. இந்த வகைப் பணக்காரனுக்கு ஒற்றைக்கண் கண்ணாடி இருந்தால்தான் படம் முழுசாகும் என்று மனசு கேட்டிருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் எல்லாரும் சொல்லும் “எலிமென்டரி, மை டியர் வாட்சன்” என்ற வசனமும் அப்படித்தான். கோனன் டாயில் எழுதிய 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் அந்த வாக்கியம் அந்த வடிவில் இல்லவே இல்லை. எலிமென்டரி ஓரிடத்தில் இருக்கும், மை டியர் வாட்சன் வேறிடத்தில் இருக்கும். ஒட்டுப்போட்டது ஜனங்கள். அந்த ஆளுக்கு அது பொருந்திவிட்டது, நின்றுவிட்டது.

குடும்பத்திலும் இதே வேலைதான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். ‘பயந்த பிள்ளை’, ‘துறுதுறுப்பு’, ‘பொறுப்பானவள்’ என்று ஆளுக்கொரு பட்டம் சின்ன வயதிலேயே கட்டிவிடுகிறோம். பிறகு யாருக்கு நடந்தது என்று தெரியாத சம்பவமெல்லாம் பட்டத்துக்குத் தக்கபடி போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் நான்தான் குறும்பன். என் அண்ணன் உடைத்த சாமான்களில் பாதி இன்று என் கணக்கில் இருக்கிறது. நானும் வாங்கிவைத்துக்கொண்டேன். சில சமயம் பெருமையாகவே சொல்கிறேன்.

அரைத்தூக்கம், ஒன்று கேட்கலாமா அம்மா? உங்கள் வீட்டில் பயந்தவள் யார்?

அரைத்தூக்கம் | ஞாயிறு, மாலை 4.10

ஐயா, நல்ல கேள்வி. பயந்தவள் நான்தான். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். அக்கா தைரியசாலி. அக்காவுக்கு இதில்தான் ஆத்திரம். “எனக்கும் பயமா இருந்ததுன்னு இந்த வீட்ல யாருமே நம்ப மாட்டீங்களா?” என்றாள் அன்றைக்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல்லுளிமங்கன் கேட்டதற்கு: அலமாரி மாமா வீட்டில் இருக்கிறதாம். ‘டக்’ அப்பா கதவைத் திறந்த சத்தம். வேறு எதுவாக இருக்கும்?

மழைக்காகம் | ஞாயிறு, மாலை 5.02

ஒரு யோசனை. இனிமேல் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசாதீர்கள். பேசப்பேச இரண்டு கதையும் ஒன்றாகிவிடும். தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள், வரையுங்கள். அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லுளிமங்கன் | ஞாயிறு, மாலை 5.30

நாற்பது வருஷம் கழித்தா? சாட்சிகளைப் பிரித்துவைப்பது சம்பவம் நடந்த அன்று செய்ய வேண்டியது. ஆனாலும் செய்யுங்கள், கெட்டுப்போகாது. நான் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எனக்கு இந்த மாதிரி எதுவும் நடந்ததில்லை. பெரிய செய்திகள் ஒவ்வொன்றையும் எங்கே நின்று கேட்டேன், யார் சொன்னார்கள் என்று இன்றும் சொல்வேன்.

கணக்குப்புலி | ஞாயிறு, இரவு 9.12

கல்லுளிமங்கன், இதை உல்ரிக் நைஸரும் நம்பினார். நினைவைப் பற்றி ஆராய்வதே தொழிலாக இருந்த உளவியலாளர். 1941 டிசம்பர் 7 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது தான் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அதை நடுவில் நிறுத்திச் செய்தி சொன்னதாகவும் அவருக்கு ரொம்பத் தெளிவான நினைவு. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது: டிசம்பரில் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை! அன்று ஒலிபரப்பானது அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் என்று பிறகு வேறு இருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆடிய அணிகளின் பெயர் ஜெயண்ட்ஸ், டாட்ஜர்ஸ். இரண்டுமே புகழ்பெற்ற பேஸ்பால் அணிகளின் பெயரும்கூட.

சூடு கண்ட நைஸர் அடுத்த வாய்ப்பை விடவில்லை. 1986 ஜனவரி 28ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே மாணவர்களிடம் “செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள்” என்று எழுதி வாங்கிவைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து, கிடைத்த 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். எங்கே, யாரோடு, என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற எல்லாவற்றிலும் முழுசாகத் தவறியவர்கள் நாலில் ஒரு பங்கு. அவர்களில் பலருக்குத் தங்கள் பதிலில் துளி சந்தேகம் இல்லை. அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டினார்கள். அப்போதும் பழைய நினைவு ஒருவருக்கும் திரும்பி வரவில்லை.

நீங்கள் செய்தி கேட்ட இடங்களை மறுநாளே எழுதிவைத்திருக்கிறீர்களா?

கல்லுளிமங்கன் | ஞாயிறு, இரவு 9.40

இல்லை.

கல்லுளிமங்கன் | ஞாயிறு, இரவு 9.58

சரி. அந்த பேஸ்பால் விஷயம் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

பாதிச்சந்திரன் | ஞாயிறு, இரவு 10.20

டிவி விஷயத்தில் இதைவிட மோசம். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. பத்து மாதம் கழித்து நெதர்லாந்து ஆய்வாளர்கள், “விமானம் கட்டடத்தில் மோதும் காட்சியை டிவியில் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். பாதிக்கு மேல், 55 சதவீதம் பேர், பார்த்தோம் என்றார்கள். அப்படி ஒரு காட்சி டிவியில் வரவேயில்லை. மோதிய பிறகு எரிந்த கட்டடத்தைத்தான் காட்டினார்கள். அந்த ஒரு நிமிஷத்தை ஜனங்களே படம் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு உலகக் கட்சியிலிருந்து நான் ராஜினாமா செய்கிறேன்.

பழையரேடியோ | திங்கள், காலை 6.30

என் அம்மா கடைசி நாட்களில் தன் இளமைக் கதை ஒன்றைச் சொல்வார். ரயில் புறப்பட்டுவிட்டது, ஒருவர் நடைமேடையில் கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு கடிதத்தைப் போட்டார், அது காற்றில் பறந்துவிட்டது. யார் அவர் என்று கேட்டால் சொல்ல மாட்டார். அப்பாவுக்கு அந்த வயதிலும் பொறாமை! அம்மா போன பிறகு ஒருநாள் டிவியில் ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெயர்கூடப் பார்க்கவில்லை, பாதியில் இருந்துதான் பார்த்தேன். ரயில், நடைமேடை, ஜன்னல், பறக்கும் கடிதம். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்ததும், “உங்கம்மா சொன்னது இது இல்ல. இதுல ஆளு குள்ளம்” என்றார்.

எங்கே கேட்டோம், எங்கே பார்த்தோம் என்ற முகவரிதான் முதலில் அழிகிறது என்று படித்திருக்கிறேன். காட்சி தங்கிவிடும், முகவரி போய்விடும். முகவரி இல்லாத காட்சிக்கு மனசு தன் வீட்டு முகவரியையே எழுதிவிடுகிறது போல.

மழைக்காகம் | திங்கள், காலை 6.51

ஐயா, காலையிலேயே இப்படி எழுதினால் நான் எப்படி வேலைக்குப் போவது?

கணக்குப்புலி | திங்கள், காலை 8.05

இதோடு ஒட்டிய சின்ன விஷயம். வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேட்டு 1979ல் ராஸ், சிகோலி என்ற இருவர் ஆய்வு செய்தார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறைத் தாண்டியது. சண்டை போடுவதில் தன் பங்கையும் சேர்த்துத்தான். நான் செய்தது எனக்குத் தெரியும், அவள் செய்தபோது நான் அங்கே இல்லை. அவ்வளவுதான் காரணம்.

வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

அரைத்தூக்கம் | வியாழன், இரவு 11.35

எழுதி, வரைந்து, ஒப்பிட்டாயிற்று. சொல்கிறேன்.

முதலில் ஆச்சரியம். என் படத்தில் நான் இருக்கிறேன். அலமாரிக்குள் சுருண்டு படுத்திருக்கும் சின்னப் பெண்ணை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறேன். உள்ளே இருந்தவளுக்கு வெளியிலிருந்து எப்படித் தெரியும்? பென்சிலை வைத்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அவசரமாக அக்காவின் தாளை வாங்கிப் பார்த்தேன். அவளும் அப்படியே வரைந்திருக்கிறாள்.

கணக்குப்புலி | வியாழன், இரவு 11.44

இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நைஸரும் நிக்ரோ என்பவரும் 1983ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உண்மையாக நடந்ததையே பல பேர் வெளியிலிருந்து பார்ப்பதுபோலத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பழைய நினைவாக இருந்தால் இன்னும் அதிகம்.

அரைத்தூக்கம் | வெள்ளி, இரவு 9.20

முடிவு கட்டவில்லை. ஆனால் இன்று மாமா வீட்டுக்குப் போய் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் நினைவில் இருந்ததைவிட ரொம்பச் சின்னது. கீழ்த்தட்டில் நாலு வயதுப் பிள்ளையும் உட்காரலாம், ஐந்தரை வயதுப் பிள்ளையும் கொஞ்சம் குனிந்து உட்காரலாம். ஆக அளவு உதவவில்லை. கதவிடுக்கு இருக்கிறது, வெளிச்சம் கோடாகத்தான் வரும். பாச்சை உருண்டை வாசனைகூட இருந்தது. அல்லது நான்தான் போட்டுக்கொண்டேனோ என்னவோ.

கல்லுளிமங்கன், உங்கள் ‘டக்’ கிடைத்துவிட்டது. அது கொக்கி. இரும்புக் கொக்கி, நீக்கினால் அப்படியே அந்தச் சத்தம். கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் கொக்கி கதவுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருந்து போட முடியாது. கதவும் தானாக ஒட்டி நிற்காது. மூடிவிட்டால் மெல்லத் திறந்துகொள்ளும், கொக்கி போட்டால்தான் நிற்கும். நான்கைந்து தடவை முயன்று பார்த்தேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பழையரேடியோ | வெள்ளி, இரவு 9.34

அப்படியானால் அப்பா வருமுன் யாரோ வெளியிலிருந்து கொக்கி போட்டிருக்கிறார்கள்.

மழைக்காகம் | வெள்ளி, இரவு 9.35

ஐயோ.

பாதிச்சந்திரன் | வெள்ளி, இரவு 9.41

பெரியவர்கள் யாராவது உள்ளே பிள்ளை இருப்பது தெரியாமல் போட்டிருக்கலாமே? திறந்து கிடக்கிறதே என்று சாத்தியிருக்கலாம்.

அரைத்தூக்கம் | வெள்ளி, இரவு 10.15

இருக்கலாம். நானும் அதையேதான் அக்காவிடம் சொன்னேன். போனில்தான். கொக்கி வெளியே இருக்கிறது என்றதும் அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

அப்புறம், “சரிடி. உள்ள இருந்தது நீதான். நீயே வச்சுக்கோ” என்றாள். வைத்துவிட்டாள்.

இவ்வளவு நாள் சண்டை போட்டு வாங்க நினைத்தது கையில் கிடைத்துவிட்டது. ஆனால் ஏன் கொடுத்தாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்து கொடுத்தாளா, எனக்கு அது வேண்டும் என்பதற்காகக் கொடுத்தாளா? இல்லை, வெளியே நின்றவளாக நான் இருந்துவிடக் கூடாது என்று கொடுத்தாளா? அம்மா துணி மடித்துக்கொண்டே சிரித்தாரே, அந்தச் சிரிப்பையும் இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

கல்லுளிமங்கன் | வெள்ளி, இரவு 10.40

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டுமா, ஐந்தரை வயதுப் பிள்ளைக்குத்தான் எட்டுமா?

அரைத்தூக்கம் | வெள்ளி, இரவு 11.58

அளந்தேன்.

சொல்ல மாட்டேன்.